முப்பத்தொரு மாடிக் கோரை

ஆளுக்கொரு கோரைத் தண்டு கொடுத்துக்கொண்டு வருகிறார்கள், கல்யாணத்தில் சந்தனம் நீட்டுவதுபோல வரிசை வரிசையாக, கல்யாண மண்டபம்தானே இதுவும், முந்தாநாள் நடந்த யாருடைய கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்தோ மேடைக்குப் பின்னால் பாதி பிய்ந்து தொங்குகிறது, மாப்பிள்ளை பேர் போய்விட்டது, பெண்ணின் பேரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். நான் வாங்கியிருக்கக் கூடாது. கம்பெனி கொடுத்த பிஸ்கட்டை வாங்கவில்லை, ஜூஸ் பாக்கெட்டை வாங்கவில்லை, கம்பெனி பேர் போட்ட தொப்பியை எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் இரண்டாக வாங்கி ஒன்றைத் தலையிலும் ஒன்றை முழங்காலிலும் மாட்டியிருக்கிறான், நான் வாங்கவில்லை. ஐம்பது வருஷமாக எவனிடமும் எதையும் வாங்காத கை. ஆனால் தண்டை நீட்டியதும் கை தானாகப் போய்விட்டது, கைக்கு என்ன தெரியும், பழகின ஆளைப் பார்த்ததுபோலப் பிடித்துக்கொண்டது. மூக்கருகில் கொண்டுபோகிறேன். சேறு. பச்சை. அடியில் லேசாக மீன்குஞ்சு வாடை. அடித்தண்டு இன்னும் ஈரமாக இருக்கிறது, இன்று காலையில்தான் அறுத்திருக்கிறார்கள், எங்கே அறுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், இந்த வட்டாரத்தில் கோரை மிச்சமிருப்பது ஒரே இடத்தில்தான், அங்கேதான் கட்டடம் கட்டப் போகிறார்கள். மேடையில் அந்தப் பெண் மைக்கைத் தட்டுகிறாள். மிருதுளா என்று பேர். கட்டடத்தை வரைந்தவள். முப்பத்தைந்து வயசு இருக்கும், குட்டையாக வெட்டிய முடி, கைத்தறிப் புடவை, செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறியிருக்கிறாள். "எல்லாரும் தண்ட விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாருங்க. உருளாது. ஏன்னா அது உருண்டை இல்ல. மூணு பக்கம்." இருநூறு பேர் உருட்டுகிறார்கள். அட ஆமாம் என்கிறார்கள். எனக்குச் சொல்லித் தருகிறாள், கோரைக்கு மூன்று பக்கம் என்று. அந்த மூன்று பக்கமும் சேரும் விளிம்பு மூன்றும் கத்தி, மேலிருந்து கீழே உருவினால் ஒன்றும் செய்யாது, கீழிருந்து மேலே இழுத்தால் அறுக்கும், அதைச் சொல்லவில்லை அவள், சொல்ல மாட்டாள், அவள் படித்த புத்தகத்தில் கை அறுபட்டவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆனால் நல்ல கட்டடம். அதுதான் வயிற்றெரிச்சல். தீப்பெட்டிமேல் தீப்பெட்டி அடுக்கி, அதற்கு நீலக் கண்ணாடி மாட்டி, வாசலில் நாலு ஈச்சமரம் நட்டு வைத்திருந்தால் எனக்கு வார்த்தை கொட்டியிருக்கும், அப்படிப்பட்ட கட்டடத்தைத் திட்டத் தெரிந்த வாய் இது, எழுதிய நோட்டீஸ் நூற்றுக்குமேல். இது வேறு. மேடையில் மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரியை வைத்திருக்கிறார்கள், நாலடி உயரம், முப்பத்தொரு மாடி. மூன்று பக்கம், கோரை மாதிரியே. ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியிலிருந்து ஒரு நூலளவு திரும்பி உட்கார்ந்திருக்கிறது, காற்றில் கோரை முறுக்கிக்கொள்ளுமே, அந்தச் சமயத்தில் பிடித்து நிறுத்தினாற்போல. தண்டைக் குறுக்கே வெட்டிப் பெரிசாக்கித் திரையில் காட்டினாள். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் அறை அறையாகக் காற்று. "எடை இல்லாம உயரமா நிக்கிற ரகசியம் இதுதான், இத அப்படியே எடுத்துக்கிட்டோம்" என்றாள். கட்டடத்துக்கு நடுவில் அடியிலிருந்து உச்சிவரை ஒரு வெற்றிடம், சூடான காற்று அது வழியாக மேலே போய்விடும், பக்கவாட்டிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெளிச்சுவரில் சுட்ட மண் பட்டைகள், வெயில் படாமல் சாய்த்து. ஐந்து மாடிக்கு ஒரு தோட்டம். நாரை வந்து உட்கார இடம்கூட விட்டிருக்கிறாள். நாரைக்கு. எங்கள் ஆட்களைத் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டார்களே, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், அந்த அடுக்குமாடிகளில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் கக்கூஸ் குழாய், கை நீட்டினால் தொடலாம். அதை வரைந்தவனும் ஒரு காகிதத்தில்தான் வரைந்தான். கோரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்த கண், எங்களை ஒரு நாள் அப்படிப் பார்த்திருந்தால், என்று யோசிக்கிறேன், யோசித்து என்ன, இதற்கு ஒரு தலைப்புப் போடு என்று மண்டை கேட்கிறது, எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு தலைப்பு, நாலு வரி, கீழே கோரிக்கை, இப்படிக்கு. பள்ளிக்கூடம் போகாதவன். பதிமூன்று வயசில் கட்டு கட்டாக நோட்டீஸைத் தோளில் போட்டுக்கொண்டு சூளை சூளையாகப் போய்க் கொடுத்தவன், கொடுக்கிற காகிதத்தில் என்னதான் இருக்கிறது என்ற ரோஷத்தில் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவன். எனக்கு அ என்றால் அம்மா இல்லை, அநீதி. நோட்டீஸ் மாசிலாமணி. பட்டப்பேராகத்தான் வைத்தார்கள், நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த நோட்டீஸ் மாசிலாமணியைத்தான் இன்றைக்குப் பதிவுத் தபாலில் கூப்பிட்டிருக்கிறார்கள். மக்கள் கருத்துக் கேட்பு. மேடையில் நடு நாற்காலியில் அதிகாரி, பக்கத்தில் தட்டச்சுக்காரர், அந்தப் பக்கம் கோட்டுப் போட்ட கம்பெனிக்காரர், அவர் மடியில் ஒரு கோப்பு. அந்தக் கோப்பில் இருப்பது முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய மனு. வெண்தாங்கல் என்று சொல்லப்படும் இவ்விடம் ஏரி அன்று. மேட்டுத் தரிசு. எக்காலத்தும் இங்கே நீர் நின்றதில்லை. அந்த வாசகம் எனக்கு இப்போதும் மனப்பாடம். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன், எக்காலத்தும் என்ற சொல்லைக் கண்டுபிடித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது, அப்படி ஒரு சொல். கீழே என் கையெழுத்து, அதன் கீழே இருநூற்றுப் பதினேழு கைரேகை. ஏரிப் புறம்போக்கில் இருப்பவனுக்குப் பட்டா கிடையாது என்பது சட்டம், தரிசில் இருப்பவனுக்கு உண்டு என்பதும் சட்டம். அப்படியானால் ஏரி தரிசாக வேண்டும், அவ்வளவுதானே, எவனெவனோ மலையைப் பள்ளமாக்குகிறான், ஆற்றை மைதானமாக்குகிறான், சூளையில் செங்கல் அறுக்கிறவன் தலைக்குமேல் ஒரு கூரைக்காக ஒரு தாங்கலை மேடாக்கக் கூடாதா. இப்போதும் கேட்கிறேன், கூடாதா. தாசில்தார் நேரில் பார்க்க வருகிறார், மனுவைக் கைரேகையோடு அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று சேதி வந்தது. நல்ல சித்திரை வெயில், தண்ணீர் வற்றியிருந்தது, ஆனால் கோரை நின்றது, இடுப்பளவு, பச்சைப் பசேலென்று, அரை மைலுக்கு. கோரை நிற்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று தாசில்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடுங்குங்கள் என்றேன். ஆறு நாள். சூளைக்குப் போகாமல் ஆறு நாள், ஆண் பெண் அத்தனை பேரும், அறுத்தால் மறுபடி துளிர்க்கும், அதனால் கிழங்கோடு பிடுங்க வேண்டும், கிழங்கோடு வர வேண்டுமானால் அடியில் பிடித்து மேலே இழுக்க வேண்டும், மேலே இழுத்தால் அறுக்கும். ரத்தம். உள்ளங்கை, விரல், விரல் நுனி. பிடுங்கிய பள்ளத்தில் சூளைச் சாம்பலைக் கொட்டி நிரவினோம். ஏழாம் நாள் மேட்டுத்தெரு என்று பலகை எழுதி நட்டேன். மறுநாள் ஜீப்பிலிருந்து இறங்கிய தாசில்தார் கால்சட்டை நுனியைத் தூக்கிப் பிடிக்கக்கூடத் தேவையில்லாமல் நடந்து போனார். வெற்றி. அதற்கும் ஒரு நோட்டீஸ் போட்டேன்.

அம்சாதான் சிரித்தாள். என் பெண்சாதி. அம்சவேணி. கையில் துணி சுற்றிக்கொண்டு, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றுகொண்டே சிரித்தாள். "ஏரிய ஏரி இல்லன்னு எழுதிட்டே. சரி. தாசில்தாரு படிப்பாரு. தண்ணி படிக்குமா உன் நோட்டீசு?" நான் கோபித்துக்கொண்டேன். அரசியல் தெரியாதவள் என்றேன். "ஆமா, எனக்கு அரசியல் தெரியாது. தண்ணி தெரியும்" என்றாள். தண்ணி படிக்குமா. இந்த முப்பத்துமூன்று வருஷத்தில் எத்தனை மழை. ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்ணீர் வாசலுக்கு வந்து, நின்று, பலகையைப் பார்த்துவிட்டு, உள்ளே வரும். படித்துவிட்டுத்தான் வரும்போலிருக்கிறது. பாத்திரம் மிதக்கும், பாய் மிதக்கும், ஒரு வருஷம் அம்சாவைக் கட்டிலோடு நாலு பேர் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனோம், காய்ச்சல், கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே வெறும் கையை மட்டும் கீழே தொங்கவிட்டுத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வந்தாள், அந்த விரல் தண்ணீரில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தது. கட்டில் மட்டும்தான் திரும்பி வந்தது. அதை நினைக்கக் கூடாது. இன்றைக்கு அதை நினைக்கக் கூடாது. இன்றைக்கு நினைக்க வேண்டியது கணக்காக ஒரே விஷயம், மனு பொய் என்று சொல்வதா, மெய் என்று சொல்வதா. அந்த மனுவால் பட்டா கிடைத்தது அறுபத்துமூன்று வீட்டுக்குத்தான். முதல் தவணை என்றார்கள். இரண்டாம் தவணை வரவில்லை. தரிசு என்று ஆகிவிட்ட நிலம் மீதி முழுக்க யார் யாரோ பேரில் மாறியது, பேர் மாறி மாறிக் கடைசியில் கம்பெனி பேரில் நின்றது, மீதி நூற்றைம்பத்துநாலு குடிசையையும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஏரியாகவே இருந்திருந்தால் ஒருத்தனும் வாங்கியிருக்க முடியாது. நான்தான் அதைத் தரிசாக்கினேன். என் எக்காலத்தும். எக்காலத்தும் இங்கே நீர் நின்றதில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்த வக்கீல் தம்பி, ஏரியைக் காப்பாற்றுகிற குழுவாம், நல்ல பையன், காலைத் தொட்டுக் கும்பிட்டான், "ஐயா, அது பொய் மனுன்னு நீங்க ஒரு வார்த்தை பதிவு பண்ணா போதும், ஏரியத் தரிசாக்கின வகைமாற்றமே அடிபட்டுடும், கட்டடம் எழும்பாது" என்றான். அந்த அறுபத்துமூன்று பட்டா, அதுவும் அதே மனுதானே, அதே சர்வே எண்தானே தம்பி, என்றேன். ஜன்னலைப் பார்த்தான். "அத அப்புறமா பாத்துக்கலாம்யா." அப்புறம். நானும் எத்தனை பேரிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். நூற்றைம்பத்துநாலு குடும்பத்திடம் சொன்னேன்.

"இன்னா மாமா, தண்ட முறைச்சுப் பாத்துனு கீற?" என்று பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருகிறாள் ரஞ்சிதம். மேட்டுத்தெருவின் மகளிர் குழுத் தலைவி, கோரை பிடுங்கிய அந்த ஆறு நாளில் எட்டு வயசுப் பிள்ளை, எல்லாருக்கும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள். இப்போது மூக்குக்கண்ணாடி. பின்னால் அறுபத்துமூன்று வீட்டு ஆட்களும் ஐந்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், திரும்பிப் பார்க்காமலே முதுகில் தெரிகிறது. "கேட்டா, ஆமான்னு ஒரே வார்த்த சொல்ட்டு வந்து உக்காரு. பிரசங்கம் வேணாம். உனக்கு மைக்குப் புடிச்சா வுடவே மாட்ட." "அது ஏரி ரஞ்சிதம்" என்கிறேன். "ஏரிதான். யார் இல்லன்னது? என் வூட்டு அடுப்பாண்ட வருஷா வருஷம் வந்து உக்காருதே, எனக்குத் தெரியாதா? ஆனா பட்டாவ பிரேம் போட்டு சாமி பக்கத்துல மாட்டி வச்சிக்கிறேன் மாமா. எங்கம்மா செத்தப்பவும் அதத்தான் கொண்டாந்து காட்டச் சொல்லிச்சு. ஏரின்னு நீ சொல்லிட்டா அது வெறும் காயிதம்." "கட்டடம் வந்தா மட்டும் உன்னை விட்டுவைப்பானா?" "எழுதிக் குடுத்துக்கிறாங்க. தெருவத் தொட மாட்டோம்னு." சிரித்தேன், சிரிப்பு வந்துவிட்டது, எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம், எழுத்தைப் பற்றி என்னிடம் சொல்கிறாள். "அந்தக் கண்ணாடிப் பெட்டிகிட்டப் போயி உன் வீடு எங்க இருக்குன்னு பாத்துட்டு வா" என்கிறேன். நான் காலையிலேயே பார்த்துவிட்டேன். அடியில் பதினாலடித் தூண்கள், தூணைச் சுற்றி நீலப் பிளாஸ்டிக் தகடு, அதுதான் தண்ணீராம், அதில் வெள்ளை நாரை இரண்டு ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்கு வடக்கே தார்ச்சாலை. சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே மேட்டுத்தெரு இருக்க வேண்டும். அந்த இடத்தில் பச்சை ஸ்பாஞ்சு. கத்தரியால் வெட்டிய ஸ்பாஞ்சுத் துண்டுகள், செடியாம். என் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குண்டுச் செடி. ரஞ்சிதம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். உட்காருகிறாள். மடியில் தன் தண்டைக் கிடத்திக்கொள்கிறாள். "அது மாடலு மாமா. அதுல எல்லாத்தையுமா வைக்க முடியும்?" பிறகு ஒரு நிமிஷம் கழித்து, "கொக்க வச்சிக்கிறாங்க" என்றாள், எனக்கு இல்லை, தண்டுக்குச் சொல்வதுபோல.

கேள்வி கேட்கலாம் என்கிறார் அதிகாரி. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. காலையிலிருந்து அதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், மனுவைப் பொய் என்றும் சொல்லாமல், மெய் என்றும் சொல்லாமல், அவர்களுடைய படத்தை வைத்தே அவர்களை மடக்குகிற கேள்வி, மேட்டுத் தரிசு என்றால் எதற்காகப் பதினாலடித் தூண், கூட்டம் சிரிக்கும், தட்டச்சுக்காரர் பதிந்துகொள்வார், கட்டடமும் நிற்கும் பட்டாவும் நிற்கும், அதாவது கட்டடம் நின்றுபோகும், பட்டா நிலைத்து நிற்கும். ஐம்பது வருஷத்து மூளை, இதைக்கூடக் கண்டுபிடிக்காதா. கையைத் தூக்கப் போகிறேன், அதற்குள் முன்னால் இருந்த இரட்டைத் தொப்பிக்காரன் எழுந்துவிட்டான். "யம்மா, மேடுன்றீங்க. மேட்டுக்கு எதுக்கும்மா அம்மாம் பெரிய காலு?" மண்டபம் சிரிக்கிறது. என் கேள்வி. பிஸ்கட் தின்றுகொண்டே கேட்டுவிட்டான். மிருதுளா சிரிக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தண்ணி வரும்ங்க. அது அதோட எடம். நாம நிறுத்த முடியாது. கோரை எப்படித் தண்ணிக்கு வழிவிட்டுட்டு நிக்குதோ, அப்படித்தான் இந்தக் கட்டடமும் நிக்கணும்னு வரைஞ்சேன்" என்றாள். நிஜத்தைச் சொல்லிவிட்டாள். இந்த மண்டபத்தில் இன்று முதன்முதலாக ஒரு நிஜம், அதுவும் அந்தப் பக்கத்திலிருந்து. பதியுங்கள் ஐயா பதியுங்கள் என்று தட்டச்சுக்காரரின் விரலைப் பார்க்கிறேன், விரல் மேஜைமேல் சும்மா இருக்கிறது. தொப்பிக்காரன் விடவில்லை. "நீ வழி வுட்டுட்ட. அது போறது எங்கம்மா போவும்?" அவள் கண் மாதிரியின் மேல் போயிற்று, தூண், நீலத் தகடு, பச்சை ஸ்பாஞ்சு, அங்கேயே நின்றுவிட்டது, அவளுக்குத் தெரிகிறது, இப்போதுதான் தெரிகிறதோ, முன்னாலேயே தெரியுமோ, கம்பெனிக்காரர் சாய்ந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "தொலைநோக்குள்ள ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அவ்வளவுதான். நன்றி." "விளக்கம் அளிக்கப்பட்டது, போட்டுக்கங்க" என்றார் அதிகாரி. இப்போது விரல் ஆடியது. ஒரு வரி. அவ்வளவுதான், தீட்டித் தீட்டி வைத்திருந்த என் கத்தி, ஒரு தொப்பிக்காரன் கையில் போய், ஒரு வரியில் முடிந்தது. இனி எனக்கு ஆமாம், இல்லை, இரண்டுதான் மிச்சம்.

கையில் எரிகிறது. கட்டைவிரல். யோசித்துக்கொண்டே தண்டை உருவியிருக்கிறேன், கீழிருந்து மேலே, எனக்குத் தெரியாததா, எழுபத்துநாலு வயசில் சின்னப் பிள்ளைபோல. மெல்லிய கோடு, ரத்தம் இன்னும் வரவில்லை, வரலாமா என்று யோசிக்கிறது. இல்லை என்று சொன்னால். மைக் பிடித்து, பெரியோர்களே தாய்மார்களே, அந்த மனுவை எழுதியவன் நான், அது பொய், உங்கள் கையில் இருக்கிற தண்டே சாட்சி, இது தண்ணீரில்லாத இடத்தில் முளைக்காது, இருநூறு சாட்சியை இந்தக் கம்பெனியே அறுத்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறது என்று சொன்னால், நல்ல பேச்சு, என் வாழ்க்கையிலேயே நல்ல பேச்சு அதுவாகத்தான் இருக்கும், வக்கீல் தம்பி அதைப் பதிவு செய்து ஊரெல்லாம் அனுப்புவான், ஏரியை மீட்ட பெரியவர் என்பார்கள், ஏரி மீளும், மீண்ட ஏரிக்குள் அறுபத்துமூன்று வீடு இருக்கக் கூடாதே, அப்புறம், அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. ரஞ்சிதம் சாமி பக்கத்திலிருந்து பிரேமைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு லாரியில் ஏறுவாள். ஆமாம் என்று சொன்னால் முப்பத்தொரு மாடி எழும்பும், அது வழிவிட்ட தண்ணீர் முழுக்க மேட்டுத்தெருவுக்கு வரும், இரண்டு மழை, மூன்று மழை, பிறகு தெருக்காரர்களே வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், பச்சை ஸ்பாஞ்சு, யாரும் யாரையும் விரட்டினதாக இருக்காது. இரண்டிலும் லாரிதான். ஒன்றில் லாரி சீக்கிரம் வரும், ஒன்றில் மெதுவாக வரும். ஒன்றில் நான் கொண்டுவந்த லாரி, ஒன்றில் மழை கொண்டுவந்தது. அதுதானா, நான் தேர்ந்தெடுக்க வேண்டியது அதுதானா, என் பேர் எந்த லாரியில் எழுதியிருக்கக் கூடாது என்பதா. தண்ணி படிக்குமா. போராடினால் கிடைக்கும் என்று நோட்டீஸில் எழுதினேன். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன் என்று சொல்ல ஆசை. போராடினோம். கிடைத்தது. கிடைத்ததுதான் கழுத்தில் கிடக்கிறது.

"மனுதாரர் எண் ஒன்று. மாசிலாமணி." எழுந்திருக்கிறேன். முட்டி மடக்கென்கிறது. ரஞ்சிதம் என் வேட்டி மடிப்பைச் சரி பண்ணிவிடுகிறாள், "ஒரே வார்த்த மாமா" என்கிறாள், தாழ்ந்த குரல், கெஞ்சல் இல்லை, அதட்டல் இல்லை, சொம்பை நீட்டும்போது எட்டு வயசில் குடி மாமா என்பாளே, அந்தக் குரல். மேடைப்படி மூன்று. மிருதுளா ஒதுங்கி வழிவிடுகிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், "ஐயா, நீங்கதானா அது?" என்கிறாள், எது என்று நான் கேட்கவில்லை. கம்பெனிக்காரர் கோப்பைத் திறந்து அதிகாரிக்கு முன்னால் வைக்கிறார். நகல் இல்லை, அசல். எங்கிருந்து எடுத்தார்களோ. காகிதம் பழுத்துவிட்டது. என் கையெழுத்து அப்படியே இருக்கிறது, நோட்டீஸ் தலைப்பைப் பார்த்துப் பழகின எழுத்து, கீழே இரட்டைக் கோடு, அப்போதெல்லாம் அந்தக் கோடு இழுக்கும்போது ஒரு கர்வம். அதன் கீழே ரேகைகள். பத்தி பத்தியாக, ஊதா மை. இருநூற்றுப் பதினேழு கட்டைவிரல். "கையெழுத்து உங்களோடதுதானே பெரியவரே?" "ஆமா." விரல் ஆடுகிறது, தட்டச்சு. முதல் ரேகை அம்சாவுடையது. நான்தான் அவள் கையைப் பிடித்து மையில் அழுத்தினேன், ஏழாம் நாள் சாயங்காலம். இத்தனை வருஷத்தில் இதை நான் பார்த்ததில்லை, எழுதியதைத்தான் பார்த்தேன், எக்காலத்தும் என்ற சொல்லைத்தான் பார்த்தேன். ஊதாச் சுழிகளுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பக்கத்தில் இன்னொன்று, குட்டையாக. அறுத்த கோடு. அவள் ரேகைக்குப் பக்கத்து ரேகையிலும் கோடு. அதற்கடுத்ததிலும். ரஞ்சிதத்தின் அம்மா விரலில் மூன்று. குனிகிறேன், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிகிறேன், வரிசை வரிசையாக, பத்தி பத்தியாக, எல்லா விரலிலும் கோரை. ஏரி இல்லை என்று நான் எழுதிய காகிதத்தில், எனக்குக் கீழே, இருநூற்றுப் பதினேழு பேர் ஏரி என்று எழுதியிருக்கிறார்கள். "பெரியவரே. மனுல சொன்னது உண்மைதானே? கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க." மைக்கை என் வாய்க்கு நேராகத் திருப்புகிறார்கள். என் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்கிறது. இதோ பாருங்கள் ஐயா, இந்த விரலைப் பாருங்கள். சொல்ல வாய் திறக்கிறேன். ஐந்து வரிசை. அறுபத்துமூன்று வீடு. யாரும் தண்டை உருட்டவில்லை, யாரும் பிஸ்கட் தின்னவில்லை, ரஞ்சிதம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள், கண்ணாடி இல்லாமல் அவள் எட்டு வயசு. "அப்போ" என்கிறேன், என் குரலா அது, "அப்போ எங்களுக்கு அது உண்மையா இருக்க வேண்டியிருந்துச்சு." அதிகாரி தட்டச்சுக்காரரைப் பார்க்கிறார். "உண்மைன்னு போட்டுக்கங்க." விரல் ஆடுகிறது. மூன்றே தட்டு. இல்லை, நான் சொன்னது, என்று ஆரம்பிக்கிறேன், மைக்கை அதற்குள் திருப்பிவிட்டார்கள், திருப்பியதும் பின்னாலிருந்து கைதட்டல். ஐந்து வரிசையும். விசில்கூட ஒன்று. பத்து வருஷமாயிற்று எனக்குக் கைதட்டி. எழுந்து நின்று தட்டுகிறார்கள், மடியில் இருந்த தண்டெல்லாம் கீழே விழுகிறது, அதன்மேல் நின்றுகொண்டு தட்டுகிறார்கள், மிருதுளா மட்டும் தட்டாமல் அவள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் காகிதத்தின்மேல் என் கட்டைவிரலை வைக்கப் போகிறேன், அம்சாவின் விரலுக்குப் பக்கத்தில், இப்போது ரத்தம் வந்திருக்கிறது, ஒரே ஒரு பொட்டு, வைத்தால் போதும், கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே, "நன்றிங்கய்யா, பாத்து எறங்குங்க" என்று என் கையை மரியாதையாக எடுத்து ஓரம் வைத்துவிட்டு, கோப்பை மூடுகிறார். அம்சாவின் விரல் உள்ளே இருக்கிறது.